நிறைவேறாத ஞானஸ்நானம்

கி.பி. 392ஆம் ஆண்டில் மேற்கு உரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டீனியன், இன்றைய பிரான்சிலுள்ள வியன் நகரில் இளமையிலேயே மாண்டான். தனக்கு ஞானஸ்நானம் அளிக்குமாறு மிலான் நகர ஆயர் அம்புரோசை அவன் அழைத்திருந்தான். அவர் வந்து சேருமுன்னரே உயிர் பிரிந்தது. ஞானஸ்நானமின்றி மீட்சியில்லை என்று திருச்சபை போதித்து வந்தமையால், சகோதரியர் பெரிதும் கலங்கினர். இறுதிச் சடங்கில் அம்புரோஸ் அவர்களைத் தேற்றினார். ஞானஸ்நானம் பெறாமலே விசுவாசத்திற்காக உயிர்நீத்தோரை அவர்தம் குருதியே தூய்மையாக்குமாயின், இவனை இவனது விருப்பமே தூய்மையாக்கிற்று என்பது அவர் வாதம்.

1547இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம், ஞானஸ்நானம் மீட்சிக்கு இன்றியமையாதது என விதித்தது. எனினும், அதனைப் பெற வேண்டுமென்னும் விருப்பத்தையும் உடன் ஏற்றது. இதனால் விதி தளர்ந்ததென நாம் கொள்ளலாகாது. விரும்பியும் பெறாது மாண்டவனை இறைவன் கைவிடான் என்னும் தெளிவையே இதில் காண்கிறோம்.