பொண்ணா பையனா: ஒரு டீச்சர் எண்ணிச் சொன்ன விடை



ஜூலை 7, நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையாரின் பிறந்தநாள். மெண்டலின் பட்டாணிச் செடியை உங்கள் எல்லோருக்கும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். நெட்டை, குட்டை, 3:1 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். ஆனால் இந்த அம்மையாரின் பெயர் நான் பாடம் நடத்திய காலத்தில் புத்தகத்தில் வந்ததே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1861-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தார். அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு இருந்த வேலை டீச்சர் வேலை. அவரும் டீச்சர் ஆனார். சம்பளத்தைச் சேர்த்துவைத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நாங்கள் படித்தோமே டீச்சர் டிரெயினிங், அந்த மாதிரிதான். மறுபடி வேலை, மறுபடி சேமிப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 35. நம் ஊரில் அந்த வயதில் ஒரு பெண் கல்லூரிக்குக் கிளம்பினால் என்ன பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள். 1903-இல் பிரின் மார் பெண்கள் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அப்போது விஞ்ஞானிகளுக்கு நடுவில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. குழந்தை ஆணா பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது? கருவுக்குக் கிடைக்கும் ஊட்டமும் சூழ்நிலையும்தான் என்று பெரிய பெரிய ஆட்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். கேட்க அறிவியல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஊட்டம் என்று சொன்னால் அது கடைசியில் எங்கே போய் நிற்கும்? தாயின் வயிற்றில்தான். ஆக, பழி அவள் தலையில்.

இது ஏழை வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, ஆண் வாரிசு வேண்டும் என்று முதல் மனைவி கேதரினை விலக்கிவைத்தார். அடுத்து வந்த ஆன் போலினும் பெண்ணைத்தான் பெற்றார். 1536-இல் அவர் தலை போனது. சாட்டிய குற்றங்கள் வேறு. ஆனால் பையன் பிறந்து பிழைத்திருந்தால் கதை அப்படிப் போயிருக்காது. அந்தப் பெண் குழந்தைதான் பின்னாளில் 44 ஆண்டுகளுக்கு மேல் நாட்டை ஆண்ட முதலாம் எலிசபெத். இந்த ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, நெட்டி என்ன செய்தார்? மாவிலும் தானியத்திலும் விழும் ஒரு புழுவை எடுத்துக்கொண்டார். வளர்ந்தால் கறுப்பு வண்டாகும். அதன் செல்களுக்குச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பெண் வண்டின் செல்லில் 20 இருந்தன, எல்லாம் பெரியவை. ஆண் வண்டிலும் 20தான். ஆனால் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது.

இனி கணக்கு. முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும், நினைவிருக்கிறதா? பெண் வண்டின் எல்லா முட்டையிலும் 10 பெரியவை. முட்டைக்கு முட்டை வித்தியாசமே இல்லை. ஆண் வண்டின் விந்தணுக்கள்தான் இரண்டு வகை. பாதியில் 10 பெரியவை, மீதிப் பாதியில் 9 பெரியவையும் அந்தச் சிறியதும். சிறியது உள்ள விந்தணு சேர்ந்தால் ஆண், இல்லாதது சேர்ந்தால் பெண் என்று நெட்டி முடிவு செய்தார். இதை 1905-இல் வெளியிட்டார். எக்ஸ், ஒய் என்று நாம் சொல்லும் பெயர்கள் பின்னால் வந்தவை. அந்தச் சின்னதுதான் ஒய்.

அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்ற விஞ்ஞானியும் வேறு பூச்சிகளை ஆராய்ந்து இதே பக்கம் வந்து சேர்ந்தார். அவர் பேர்போனவர், பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பெயர் பெரும்பாலும் அவருக்கே போனது. நெட்டி 1912-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 50. கல்லூரி அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியிருந்தது. அதில் உட்கார அவர் இல்லை.

மனிதர்களுக்கும் இதே கதைதான் என்று உறுதியாக வெகுகாலம் ஆயிற்று. நமக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956-இல்தான் சரியாக எண்ணப்பட்டது. அதுவரை 48 என்று படித்தார்கள். ஆணாக்குவது ஒய்தான் என்பது 1959-இல் தெளிவானது. அம்மாவிடம் எக்ஸ், எக்ஸ். அப்பாவிடம் எக்ஸ், ஒய். ஒய் வர வேண்டுமென்றால் அப்பாவிடமிருந்துதான் வர முடியும். அம்மாவிடம் அது கிடையவே கிடையாது.

சென்ற மாதம் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனேன். (யார் வீடு என்று தேட வேண்டாம்.) மூன்றாவதும் பெண். "இவ வயித்துல பொண்ணுதான் தங்கும்" என்று அந்த வீட்டுப் பெரியம்மா என் காது கேட்கவே சொன்னார். பெற்றவள் தலை நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஒருகாலத்தில் என்னிடம் பத்தாம் வகுப்பில் இந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டி முழு மதிப்பெண் வாங்கியவன். வாயைத் திறக்கவில்லை. "தம்பி, ஒய் யாருகிட்டடா இருக்கு?" என்று கேட்டேன். "என்கிட்டதான் டீச்சர்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பெரியம்மாவுக்குப் புரியவில்லை. உட்காரவைத்து இரண்டு கலர் வளையலை வைத்து விளக்கினேன். முழுக்க ஒப்புக்கொண்டாரா தெரியாது. ஆனால் மருமகளை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

உடனே "அப்போ தப்பு அப்பா மேலயா?" என்று கிளம்பிவிடாதீர்கள். எந்த விந்தணு முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை. காசு சுண்டுகிற மாதிரிதான், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முதல் மூன்றும் பெண் என்பதால் நாலாவது பையன் என்று காசு கணக்கு வைத்துக்கொள்ளாது. மூன்று பிள்ளை உள்ள எட்டு வீட்டை எடுத்தால், சராசரியாக ஒரு வீட்டில் மூன்றும் பெண்ணாகத்தான் இருக்கும். அதில் சாபமும் இல்லை, தோஷமும் இல்லை.

என் வருகைப் பதிவேட்டில் ஒரு போதும்பொண்ணு இருந்தாள். பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நெட்டி அந்தப் புழுவை எண்ணிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு வைத்த பெயர் அது. 1992-இல் நம் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1994-இல் கருவில் என்ன குழந்தை என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க நாட்டுக்கே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. ஸ்கேன் சென்டர் சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்களே, அதுதான்.

வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தக் கட்டத்தைப் பாட்டி தாத்தாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பரீட்சைக்கும் ஆகும்.

தாய்மாமாவுக்கு நிறக்குருடு இருந்தால் மருமகனுக்கும் ஏன் வருகிறது என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். அதுவும் எக்ஸ் சம்பந்தப்பட்டதுதான். அடுத்த பதிவில் எழுதுகிறேன்.