கோனா: அளவுமானி சொல்லாத கதை

பழைய எலக்ட்ரிக் கார் வாங்குறப்போ பேட்டரி எப்படி இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது? நிறைய பேர் இதைக் கேட்டிருக்கீங்க. ஒரு ஆப் பேரைச் சொல்லி முடிச்சிடலாம். ஆனா நல்ல பதில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வரலாற்றில் இருக்கு.

முதல்ல ஒரகடம். 2010 மார்ச்சில் ரெனோ-நிசான் ஆலை அங்கே திறந்தது. அதே வருஷம் டிசம்பரில் நிசான் லீஃப் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அந்தக் கார் ஒரகடத்தில் தயாராகவில்லை. ஆனா நம்ம ஊர் வெயில் அதை என்ன செஞ்சிருக்கும்னு அரிசோனா காட்டிடுச்சு. அப்போதைய லீஃப் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் இல்லை. 2012-ல் ஃபீனிக்ஸ் பக்கத்து உரிமையாளர்கள், டாஷ்போர்டில் இருந்த 12 கோடுகள் ஒவ்வொண்ணா மறையுறதைப் பார்த்துக் கொதிச்சுப் போனாங்க. அதுக்கப்புறம்தான், 5 வருஷம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கோட்டுக்குக் கீழே போனா சரிசெஞ்சு தர்றோம்னு நிசான் உத்தரவாதம் கொடுத்தது. வெயில் செய்யும் சேதம் மெதுவா வரும், அளவுமானியிலும் தெரியும்.

இப்போ இருங்காட்டுக்கோட்டைக்கு வருவோம். ஹூண்டாய் ஆலையில், இறக்குமதியான பாகங்களை வச்சுப் பூட்டின கோனா எலக்ட்ரிக் 2019 ஜூலையில் வந்தது. பேட்டரி 39.2 கிலோவாட்-மணி, திரவக் குளிரூட்டலோட. ஒரு சார்ஜுக்கு 452 கிமீன்னு ஏஆர்ஏஐ சான்று. விலை 25.30 லட்சம், ஆகஸ்ட்டில் ஜிஎஸ்டி குறைஞ்சதும் 23.71 லட்சம்.

ஆனா வெளிநாட்டில் சில கோனாக்கள் தீப்பிடிச்சுது. உலகம் முழுக்கத் திரும்ப அழைச்சாங்க. இங்கேயும் 2020 டிசம்பரில், 2019 ஏப்ரல் 1 முதல் 2020 அக்டோபர் 31 வரை தயாரான 456 கார்களைச் சோதனைக்குக் கூப்பிட்டாங்க. கொரியாவில் முதல்ல கொடுத்த தீர்வு, பேட்டரி மேலாண்மைக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். (சிரிக்காதீங்க, நம்ம தொழிலும் அதுதான்.) 2021 ஜனவரியில், அந்த அப்டேட் போட்ட ஒரு கார் டேகு நகரத்தில் எரிஞ்சுது. அடுத்த மாசமே உலகம் முழுக்கச் சுமார் 82,000 வண்டிகளுக்குப் பேட்டரியை மாத்த முடிவாச்சு. செலவு சுமார் 1 லட்சம் கோடி வோன். எல்ஜியின் நான்ஜிங் ஆலையில் தயாரான சில செல்களுக்குள், அனோடிலிருந்து நீட்டிக்கிட்டிருக்கும் மெல்லிய உலோக நாக்கு மடிஞ்சிருந்தது காரணமா இருக்கலாம்னு கொரிய அரசு சொன்னது.

இங்கேதான் நம்ம கேள்விக்கு வர்றோம். ஓபிடி கருவி காட்டுற 'பேட்டரி ஆரோக்கியம்' கொள்ளளவைப் பத்தின மதிப்பீடு. சாஃப்ட்வேர் போடுற கணக்கு அது. புதுசு மாதிரி 100 காட்டுற பேட்டரிக்குள்ளயும் மடிஞ்ச நாக்கு இருக்கலாம். வெயிலில் வாடி 90 காட்டுற பேட்டரி பத்திரமா ஓடலாம். என்னைக் கேட்டா, அந்த எண்ணை விட சர்வீஸ் ரெக்கார்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்தியாவில் கோனா விற்பனை 2024-ல் நின்னு போச்சு, அதனால இனி கிடைக்கிறது எல்லாமே பழசு. சேஸி எண்ணை வச்சு, திரும்ப அழைப்பு வேலை முடிஞ்சுதா, பேட்டரி மாத்தினாங்களா, எந்தத் தேதியில்னு சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்க. பேட்டரி உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிமீ. அப்போ 2019 ஜூலையில் வாங்கின காருக்கு 2027 ஜூலையோட முடிஞ்சிடும். அது உங்க பேருக்கு மாறுமான்னு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.