மேஜோடு வந்த வழி

சாக்ஸுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் இன்றைக்குக் காலுறை என்போம். பழைய தமிழில் அதற்கு மேசோடு அல்லது மேஜோடு என்று பெயர். பாரசீகத்தின் 'மோஸா'வும் 'ஜோடு'ம் ஒட்டிக்கொண்டு, உருது வழியாக நம்மிடம் வந்த சொல். பெயரும் பொருளும் சேர்ந்தே வெளியிலிருந்து வந்தவை. கடலூர் வெயிலில் உட்கார்ந்து கையால் சாக்ஸ் பின்னுகிறவள் என்ற முறையில், இது எந்த வழியாக இங்கே நுழைந்தது என்ற கேள்வி எனக்குக் கொஞ்ச நாளாகவே உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னல் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும்போது சேர்த்த குறிப்புகள்தான் இவை.

முதலில் தொழில்நுட்பம். நெசவு நமக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாடியில் இன்றும் கைத்தறி லுங்கி நெய்கிறார்கள். ஆனால் தறியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்தத் துணி இழுத்தால் அதிகம் விரியாது. வேட்டிக்கும் சேலைக்கும் விரிய வேண்டிய அவசியமும் இல்லை. உடம்பைச் சுற்றிக்கொண்டால் போதும். பாதம் அப்படியில்லை. நேராக இறங்கி, குதிகாலில் சட்டென்று திரும்பி, விரல் பக்கம் குறுகும். அதோடு நடக்கும்போதெல்லாம் மடங்கும். அதற்கு ஒரே நூலைக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துப் போகிற பின்னல்தான் சரி. கண்ணி இழுத்தால் விரியும், விட்டால் பழையபடி சுருங்கும்.

நான் 2.25 மி.மீ. தடிமனுள்ள, இரு முனையும் கூரான ஊசிகள் 5 வைத்துப் பின்னுகிறேன். நாலில் கண்ணிகள் நிற்கும், ஐந்தாவது வேலை செய்யும். என் காலுக்கு ஒரு சுற்றுக்கு 64 கண்ணி. ஜோடிக்கு ஏறக்குறைய 100 கிராம் நூல், அதாவது 400 மீட்டர் அளவு. கண்ணிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஜோடிக்கு 20,000-க்குக் குறையவில்லை. குதிகால் திருப்புகிற இடம்தான் வித்தை. அங்கே முழுச் சுற்றும் போகாமல், பாதியில் திரும்பித் திரும்பி வந்து ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி கட்ட வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ரயில் ஏறினால் சிதம்பரம் வருவதற்குள் ஒரு குதிகாலை முடித்துவிடலாம், பக்கத்து சீட்டில் இருப்பவர் பேச்சுக் கொடுக்காவிட்டால். "ஸ்வெட்டராம்மா?" என்பார்கள். "சாக்ஸ்" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "கடையிலயே கிடைக்குமே?"

கிடைக்கும்தான். ஆனால் கடைக்கு வருவதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்பதுதான் கதை.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் நிலம் என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். இங்கிருந்து கப்பல் ஏறியது நெய்த துணி. எதிர்த்திசையில் வந்து இறங்கியவர்கள் முழங்காலோடு நிற்கும் கால்சட்டை போட்டவர்கள். முழங்காலுக்குக் கீழே தெரிவதெல்லாம் மேஜோடுதான். 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் கனவான்களின் கெண்டைக்கால் வெள்ளைவெளேரென்று தெரிவது அதனால்தான். குளிருக்காக அல்ல, அந்தஸ்துக்காக. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ராபர்ட் கிளைவ் உள்ளூர் ஆள் போல வேஷம் போட்டுத் தப்பித்து இந்தக் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தார். அந்த வேஷத்துக்கு முதலில் கழற்ற வேண்டியிருந்தது எது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

காலில் எதை அணியலாம் என்பது இந்தப் பக்கத்தில் வெறும் ஆடை விஷயமாக இருந்ததே இல்லை. பக்கத்துப் புதுச்சேரியில் துய்ப்ளேவின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இருந்த விசேஷ உரிமைகளைச் சொல்லும்போது, மேளதாளத்தோடு பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குள் போகலாம், தங்கப் பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம் என்பவற்றோடு, உள்ளே செருப்பு அணியலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். மற்றவர்கள் வாசலில் விட வேண்டும். நூறு வருடம் கழித்து இதே விவகாரம் சர்க்கார் தீர்மானமாக வந்தது. 1854-ல் கல்கத்தாவிலும் பிறகு 1868-ல் பரவலாகவும் போட்ட உத்தரவுகளின் சாரம் இதுதான்: ஐரோப்பிய மாதிரி பூட்ஸ் அணிந்து வரும் இந்தியர் அதிகாரி முன்னால் அதைக் கழற்ற வேண்டாம், நாட்டுச் செருப்பு அணிந்தவர் வழக்கம்போல வெளியே விட வேண்டும். பூட்ஸ் என்றால் கூடவே மேஜோடு. வெறுங்காலா மூடிய காலா என்பது, நிற்பதா உட்காருவதா என்கிற மாதிரியான கேள்வியாகிவிட்டது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் மேஜோட்டுக்கு மாறியதில் இந்த உத்தரவுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் அணிந்தவர் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது பின்னியவர் கதை.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். அவர் பின்னால் நின்ற ஊர் ஜெர்மனியின் ஹாலே. அங்கே ஃபிராங்கே நடத்திய அனாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கு வேதத்தோடு கைவேலையும் பாடம். சிறுவர்களும் ஊசி பிடித்து மேஜோடு பின்னினார்கள். இங்கிலாந்தில் 1698-ல் தொடங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஊக்குவித்த தர்மப் பள்ளிகளிலும் ஏழைப் பெண்ணுக்கு வாசிப்பு, தையல், தன் மேஜோட்டைத் தானே பின்னுவது ஆகியவைதான் கல்வி. ஏழைப் பிள்ளையின் கை சும்மா இருக்கக் கூடாது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த அச்சில்தான் தரங்கம்பாடிப் பள்ளிகள் எழுந்தன. பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு நூற்பும் பின்னலும். 1717-ல் கிரண்ட்லர் முயற்சியில் கடலூரிலும் ஒரு தர்மப் பள்ளி வந்தது. பிறகு 1740-ல் கியர்நாண்டர் என்ற ஸ்வீடன்காரர் கடலூர் மிஷனுக்கு வந்து பள்ளிகளைப் பெருக்கினார். 1758-ல் லாலியின் படை செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தபோது அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். இன்றைக்குக் கெடிலம் கடலில் சேரும் பக்கம் போனால் கோட்டையின் மிச்சம் மீதி செங்கல் சுவர்களைப் பார்க்கலாம். சில்வர் பீச்சுக்கு வருகிற கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சுண்டல், பஜ்ஜி அத்தனையும் இந்தப் பக்கம்.

இதில் ஒன்றை கவனியுங்கள். பள்ளிக்கு வந்த பிள்ளை வெறுங்காலோடு வந்து வெறுங்காலோடு போனது. தன் காலில் ஒருநாளும் ஏறாத ஒரு பொருளை, அதன் குதிகால் எப்படித் திரும்ப வேண்டும் என்பது உட்பட, அது கற்றுக்கொண்டது. பின்னல் பாடம் என்பது பொழுதுபோக்காக வரவில்லை. ஒழுக்கமாகவும் உழைப்பாகவும் வந்தது. நான் ரயிலில் ஆசைக்குச் செய்கிற அதே அசைவைத்தான் அந்தப் பிள்ளைகள் கட்டளைக்குச் செய்தார்கள்.

அதற்காக முழுக்கவும் சோகக் கதை என்று சொல்லிவிடவும் முடியாது. சாக்ஸை விட்டுக் கொஞ்சம் தெற்கே போக வேண்டும், ஆனால் வழி ஒன்றுதான். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைச் சாதியாக வைக்கப்பட்டிருந்தவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் 1855 வரைக்கும் அடிமைமுறை சட்டப்படி இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். லேஸ் விற்ற காசில் சிலர் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். மார்த்தாவின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும். அதே வீட்டிலிருந்து நடந்த லேஸ் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கட்டளைக்குக் கற்ற கைவேலை ஒரு பெண்ணின் விடுதலைப் பத்திரத்துக்குப் பணமாவதும், அதே கைவேலை இன்னொரு பெண்ணை ஜன்னலோரம் கூலிக்கு உட்கார்த்தி வைப்பதும் ஒரே ஊசியில் நடந்திருக்கிறது.

பின்னல் 'நல்ல வீட்டுப் பெண்' செய்கிற வேலையாகப் பெயர் வாங்கியதில் முதல் உலகப் போருக்குப் பெரிய பங்கு உண்டு. 1914 இலையுதிர் காலத்தில் கிச்சனர் பிரபு ராணி மேரியிடம் படையினருக்காக 3,00,000 ஜோடி சாக்ஸ் வேண்டும் என்று கேட்டார். பேரரசு முழுக்கப் பெண்கள் உட்கார்ந்தார்கள். அதே குளிர்காலத்தில் லாகூர், மீரட் டிவிஷன்களைச் சேர்ந்த இந்திய வீரர்கள் பிரான்சின் பதுங்கு குழிகளில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றார்கள். ஈர சாக்ஸோடு நாள் கணக்கில் நின்றால் பாதம் மரத்து, வீங்கி, அழுகும். தடுக்க ஒரே வழி, காய்ந்த சாக்ஸை அடிக்கடி மாற்றுவது. அங்கே சாக்ஸ் அந்தஸ்து அல்ல, கால் இருக்குமா போகுமா என்ற கேள்வி. விரல் முனையில் தடித்த தையல் இருந்தால் அது உராய்ந்து புண்ணாகும். அதனால் இரண்டு வரிசைக் கண்ணிகளையும் தையல் தெரியாமல் ஒன்றாக இணைக்கும் முறைக்குக் கிச்சனர் பேரே நிலைத்துவிட்டது. அவரே கண்டுபிடித்தார் என்று சொல்வதை நான் நம்பவில்லை. படைத்தளபதிக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்காது. ஒவ்வொரு சாக்ஸையும் முடிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது என்பது கொஞ்சம் உறுத்தல்.

இயந்திரக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜோடு பின்னும் சட்டத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே செய்துவிட்டார். இந்தியாவில் 1893-ல் கல்கத்தாவிலும், 1925 வாக்கில் திருப்பூரிலும் பின்னல் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தன. திருப்பூர் பனியனுக்குப் போனது. பள்ளிச் சீருடையோடு ரப்பர் வைத்த நைலான் சாக்ஸ் எல்லார் காலுக்கும் வந்தது. கெண்டைக்காலில் அது பதித்த வரி நம்மில் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

சிதம்பரத்துக்கு வருவோம். பாதத்துக்காகக் கையால் ஒன்றைப் பின்னும் வழக்கம் இந்த ஊருக்கு அந்நியம் என்று மட்டும் சொல்ல முடியாது. நடராஜரின் தூக்கிய இடது திருவடிக்குச் சாத்துகிற குஞ்சிதபாதம் மூலிகை வேர்களால் கட்டப்படுவது. பிறகு அது பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தலையில் வைக்கப்படும். நம் ஆட்கள் பாதத்துக்குப் பின்னியது குளிருக்கோ அந்தஸ்துக்கோ அல்ல. அந்தப் பாதத்தைப் பார்க்கப் போகிறவர் வெறுங்காலோடுதான் போக வேண்டும். அந்த வெறுங்காலுக்குக்கூட வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை நந்தனார் கதை சொல்கிறது. இன்று வெளியூர்ப் பயணிகள் மத்தியான வெயிலில் சுடுகிற கருங்கல்லுக்குப் பயந்து சாக்ஸோடு ஓடுவதைப் பல கோயில்களில் பார்க்கலாம். 1854 உத்தரவு எழுதியவர்கள் பார்த்தால் குழம்பிப்போவார்கள்.

எகிப்தில் கிடைத்து, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிவப்புக் காலுறை கி.பி. 3 முதல் 5-ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டது. ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போட்டது. கட்டைவிரல் தனி, மற்ற நாலும் சேர்ந்து. வார்ச்செருப்புக்குத் தோதாக அப்படிப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: இது நம் ஊர்க் காலுக்காகவே செய்தது போல இருக்கிறதே! பூட்ஸ் போடாதவர்களுக்கும் சாக்ஸ் உண்டு, செருப்பைக் கழற்றவே வேண்டாம்.

எங்கள் பெரியம்மாவுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. ராத்திரி எண்ணெய் தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டால் விளக்கெண்ணெய் பாயில் ஒட்டாது. மார்கழியில் திருவாதிரைக்கு விடியற்காலையில் தெற்கு வீதி வரைக்கும் நடந்து போக, செருப்போடு போடுகிற மாதிரி இன்னொரு ஜோடி கேட்டிருக்கிறார். பருத்தி நூல் கம்பளி மாதிரி சுருங்கி நிற்காது, தொளதொளக்கும். அதனால் 64-ஐ 56-ஆகக் குறைத்தேன். கட்டைவிரலுக்கு 18 கண்ணி தனியாக ஒதுக்கினேன். முதல் கால் முடிந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "கோயில் வாசல்ல செருப்பு விடுற இடத்துல இதையும் கழட்டணுமா?" என்று கேட்டார். கழற்ற வேண்டும்தான். அதனால் இரண்டாவது காலுக்கு, அவசரத்தில் இழுத்துக் கழற்ற வசதியாக, மேல்விளிம்பைக் கொஞ்சம் தளர்த்திப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.