வில்லும் பசையும்: ஒரு வரலாற்று நோக்கு

போர்களின் வரலாற்றை எழுதியோர் வில்லைப் பற்றி மிகுதியாகவே எழுதியுள்ளனர். வில்லேந்திய குதிரைப்படைகள் ஆசியாவின் பேரரசுகள் பலவற்றை ஆக்கியும் அழித்தும் வந்தமையை நாம் பாடநூல்களிற் கற்கின்றோம். ஆயின், அவ்வில்லின் உறுப்புகளை ஒன்றாகப் பிணித்து நின்ற பசையைப் பற்றி அந்நூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. வென்ற அரசனின் பெயர் நிலைக்க, வில் செய்தவனின் பெயர் மறைந்தது போலவே, வெளியே தெரியும் கொம்பும் மரமும் போற்றப்பட, உள்ளே மறைந்த பசை மறக்கப்பட்டது. வில்லுக்கு எப்பசையைத் தெரிந்தெடுப்பது என்னும் வினா கைவினைஞனுக்கு மட்டும் உரிய சிறு வினாவன்று. நாட்டின் காலநிலையும், ஆட்சியாளரின் அறிவும் அறியாமையுங்கூட அதனுள் அடங்கியுள்ளன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே மரத்துண்டில் ஆன வில்லுக்குப் பசை வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் நெடுவில் யூ மரத்தின் தனித்துண்டில் ஆனது; நமது நாட்டு வேடரின் வில்லும் ஒற்றைக் கம்பில் ஆனதே. இத்தகைய வில்லை மிக வளைத்தால் மரம் முறிந்துவிடும்; முறியாதிருக்க அதனை நீளமாகச் செய்தல் வேண்டும். குதிரை மீதிருந்து எய்பவனுக்கோ நீண்ட வில் பெரும் இடைஞ்சலாகும். இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே பல பொருள்களை ஒட்டிச் செய்யும் கூட்டு வில். நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம் இழுபடுகின்றது. எய்பவனை நோக்கிய உட்புறம் நெருக்குண்கின்றது. எனவே, இழுவையைத் தாங்கும் விலங்கின் தசைநாண்களை வெளிப்புறத்திலும், நெருக்கலைத் தாங்கும் கொம்பை உட்புறத்திலும் வைத்து, இடையே மரத்தையோ மூங்கிலையோ அமைத்தனர். வில் வளையுந்தோறும் இவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச்செல்ல முயலும். அதனைத் தடுத்து நிறுத்துவது பசையே. ஆகவே வில்லுக்குரிய பசைக்கு ஒட்டும் வலிமை மட்டும் போதாது. பன்முறை வளைந்தும் வெடிக்காத இளக்கமும் வேண்டும்.

நமது தச்சர் வச்சிரம் எனக் கூறும் பசை மாட்டின் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சிப் பெறப்படுவது. தோலிலும், தசைநாணிலும், மீனின் காற்றுப்பையிலும் உள்ள கொலாசன் என்னும் புரதம் சூடான நீரில் கரைந்து, குளிர்கையில் உறைந்து, உலர்கையில் இறுகுகின்றது. அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் அதன் வலிமை குன்றும். மீன்பசை தோற்பசையிலும் தாழ்ந்த வெப்பநிலையில் உறைவதால், அடுக்குகளைப் பொருத்துவதற்குக் கைவினைஞனுக்குச் சற்றுக் கூடிய அவகாசத்தைத் தருகின்றது.

இத்தெரிவு மிகப் பழைமையானது. சீனரின் சௌ சடங்கு நூலில் இடம்பெற்றுள்ள கைத்தொழில் பற்றிய பகுதி, வில்லுக்குரிய ஆறு பொருள்களுள் ஒன்றாகப் பசையைக் கூறுகின்றது. மான், குதிரை, எருது, எலி, மீன், காண்டாமிருகம் ஆகிய ஆறினின்றும் பெறும் பசைகளை அவற்றின் நிறத்தைக் கொண்டு அது வேறுபடுத்துகின்றது. துருக்கியர் தசைநாணிலிருந்து காய்ச்சிய பசையோடு, தன்யூப் நதியின் ஸ்டேர்ஜன் என்னும் பெருமீனிலிருந்து பெற்ற பசையையும் கையாண்டனர். கொரியர் கத்தாளை இன மீனின் காற்றுப்பையை நாடினர். தம்முள் வேறுபட்ட மக்களிற் பலர் மீன்பசையையே வில்லுக்குரியதாகத் தேர்ந்தமை இங்கு நோக்கத்தக்கது.

ஆயின் இப்பசைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. நீரிற் கரைந்து உருவானது நீரால் மீண்டும் இளகும். மழையில் நனைவது மட்டுமன்று, ஈரக்காற்றே வில்லைத் தளர்த்தப் போதுமானது. இக்குறையின் வரலாற்று விளைவை நமக்குத் தெளிவாக எடுத்துரைப்பவர் சொங் யிங்சிங் என்னும் சீன அறிஞர். மாகாணத் தேர்வில் 1615 இல் தேறிய இவர், தலைநகரத் தேர்வில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றுச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். மிங் வமிசத்தின் இறுதிக்காலமாகிய 1637 இல் ‘தியன்கொங் கைவு’ என்னும் தொழில்நுட்ப நூலை இவர் வெளியிட்டார்.

வில்லை ஒட்டி முடித்தபின், வீட்டின் உத்தரத்தின் மேல் வைத்துக் கீழே தீ மூட்டிக் காய்ச்சல் வேண்டும் என்கிறார் சொங். குறைந்தது பத்து நாள், கூடியது இரண்டு மாதம் இவ்வாறு காய்ந்த பின்னரே அடுத்த வேலை தொடங்கும். அவ்வளவு காலம் பொறுக்காது விற்போரின் வில்கள் பின்னாளில் பிரிந்துபோகும் என்றும் அவர் எச்சரிக்கின்றார். செய்து முடித்த வில்லும் ஈரப்பருவத்துக்கு அஞ்சுவது. அப்பருவம் தெற்கே முன்னதாகவும் வடக்கே பிந்தியும் வருவது. படைத்தலைவர் வீடுகளில் கரித்தணல் இட்ட உலர்பெட்டிகளில் வில்லைப் பாதுகாத்தனர். அத்தகைய பெட்டி வாய்க்காத எளிய போர்வீரனோ தன் வில்லை அடுப்பின் புகைபோக்கிக்கு மேலே வைத்தான். ஒரே பசை, ஒரே ஈரம். ஆயினும் அதனை எதிர்கொள்ளும் வசதியில் தலைவனுக்கும் வீரனுக்கும் இருந்த இடைவெளியை இச்சிறு செய்தி புலப்படுத்துகின்றது.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்றை அவர் குறித்துள்ளார். தென்மாகாணங்கள் வில் செய்து அனுப்புதல் வேண்டுமென அக்காலத்தில் ஆணை பிறந்தது. அனுப்பிய வில்களோ ஏற்கப்படாது திருப்பப்பட்டன. தீயின் அணைப்பை விட்டு நீங்கியதும் வில் கெடும் என்னும் காரணத்தை மேலிடத்தார் அறியவில்லை. அதனை விளக்கி அரசுக்கு எழுதியவரும் இலர்.

இங்கு நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. அவசரத்தால் அரைகுறையாக உலர்த்திய வில்லும், செம்மையாகச் செய்யப்பட்டு வழியில் ஈரத்தாற் கெட்ட வில்லும், பெறுபவனின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னையது செய்தவனின் குற்றம். பின்னையது ஆணையிட்டவனின் அறியாமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவு தலைநகரில் இல்லாதபோது, பழி முழுவதும் செய்தவன் தலையில் விழுவது இயல்பே. மிங் ஆட்சி 1644 இல் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்குப் பசையைக் காரணமாக்குவது பொருந்தாது. ஆனால் தன் நாட்டின் இருவேறு காலநிலைகளை ஒரே அளவுகோலால் அளந்த நிருவாகத்தின் இயல்பை அறிய இந்நிகழ்ச்சி ஒரு நல்ல சான்றாகும்.

ஈரத்தின் சிக்கலுக்கு வேறு மக்கள் வேறு விடைகளைக் கண்டனர். கொரியர் குளிர்காலத்தில் வில் செய்து, இளஞ்சூடான அறைகளில் அதனைப் பேணினர். யப்பானியர் மரத்தையும் மூங்கிலையும் விலங்குப் பசையால் ஒட்டிய நெடுவில்லை மிகுந்த கவனத்தோடு காத்துவந்தனர். இந்தியாவில் முகலாயர் காலத்தில் முற்றிலும் எஃகினால் ஆன வில்கள் தோன்றின. அவை எய்யும் வேகத்தில் கூட்டு வில்லுக்கு ஈடாகாவிடினும், ஈரக்காற்றிலும் ஆயுதசாலையிலே நெடுங்காலம் கெடாது கிடக்கக்கூடியவை. பசையையே நீக்கியதும் பசைத் தெரிவின் ஒரு வகை எனலாம்.

இச்சிக்கலை இருபதாம் நூற்றாண்டு இரசாயனவியலால் தீர்த்தது. யூரியா-போமல்டிகைட்டுப் பசை 1930களில் மரவேலைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் மரத்தாலான மொசுகிற்றோ விமானங்கள் முதலிற் பாற்புரதப் பசையாலும், பின்னர் இப்புதுப் பசையாலும் ஒட்டப்பட்டன. போருக்குப் பின் எப்பொட்சிப் பசை பரவியது. மெல்லிய மரப்பட்டைகளையும் கண்ணாடி நாரையும் அடுக்கி வில் செய்வோர்க்கு அது உகந்ததாயிற்று. ஈரம் அதனை எளிதில் இளக்காது. எனினும் தெரிவு என்னும் பொறுப்பு இன்றும் நீங்கவில்லை. இரு கூறுகளையும் சரியான அளவிற் கலத்தல் வேண்டும். மட்டுமீறி அழுத்தினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி ஒட்டு வறண்டுவிடும். பழைய பசையைப் போலச் சூட்டாலும் நீராலும் இளக்கித் திருத்தி மீள ஒட்டுவதும் அரிது.

சொங்கின் நூல் பிற்காலத்தில் சீனத்தில் அருகி, 1771 இல் யப்பானில் மீள அச்சாகி, இருபதாம் நூற்றாண்டிலேயே தாயகத்தில் மீண்டும் பரவியது. அரசனுக்கு எவரும் எழுதாத விண்ணப்பம், தேர்விற் தோற்ற ஓர் ஆசிரியரின் நூல்வழியே நம்மை வந்தடைந்துள்ளது. வரலாற்று மாணவராகிய நாம் அரண்மனை ஆவணங்களோடு அடுப்பங்கரைப் புகைபோக்கியையும் நோக்கப் பழகுதல் வேண்டும். திருப்பியனுப்பப்பட்ட வில்லைக் காணும்போது, அதைச் செய்தவன் யார் என்று கேட்பதற்கு முன், அது எத்தகைய காற்றைக் கடந்து வந்தது என்று கேட்பதே நேர்மையான ஆராய்ச்சியின் தொடக்கமாகும்.