திருக்கோணமலைக் கோட்டைவாயிற் கயல்கள்

ஈழத்தின் கீழ்கடற்கரையிலே, அலைமோதும் குன்றின்மேல் விளங்குவது திருக்கோணமலை. ஆளுடைய பிள்ளையார் இராமேச்சுரத்திலிருந்தே இத்தலத்தைப் பாடியருளினரென்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். இந்நாளிற் கடற்காட்சியும் இராவணன்வெட்டும் காண விழைவோர் கோட்டைவாயிலைக் கருதாது விரைகின்றனர். அவ்வாயிற் கல்லிலே இரட்டைக்கயலும் சிதைந்த தமிழெழுத்துக்களும் உள. 1622-ஆம் ஆண்டு போர்த்துக்கீசர் ஆலயத்தையிடித்து, அக்கற்களைக்கொண்டே கோட்டையெடுத்தனர். எனவே அம்மதிலும் ஒருவாற்றான் நம் கோயிலேயாம். கயல் பாண்டியர் இலச்சினை. வாசுதேவநல்லூரினின்று செல்லும் எம்போன்ற பாண்டிநாட்டார்க்கு அது வேற்றூர்க் குறியன்று! படையெடுப்புக்கஞ்சி அன்பர் புதைத்த திருமேனிகளுட் சில 1950-இல் கிணறு தோண்டுங்கால் வெளிப்பட்டன. 1963-இல் புதுக்கோயிற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. யாத்திரை செல்லும் அன்பர்காள், வாயிலிற் சிறிது நின்று அக்கயல்களைக் கண்டபின் மலையேறுமின்.