கணினித்துறையிற் பெண்கள்: பேராசிரியை மரியா கிளாவேயின் பணி

கல்லூரியின் நூற்றாண்டு மலரில் கனடாவிற் பிறந்த கணினிப் பேராசிரியை ஒருவருக்கு ஏன் இத்தனை பக்கம் என்று பழைய மாணவிகள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நாம் பெண்கள் மட்டுமே இருந்த வகுப்பறையிற் கணிதம் படித்தவர்கள். அங்கே கணக்கை முதலிற் செய்து முடித்தவளும் பெண்தான். கடைசி வாங்கில் விழித்துக்கொண்டிருந்தவளும் பெண்தான். கணிதம் ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்று சொல்ல அங்கு ஆளிருக்கவில்லை. பல்கலைக்கழகம் புகுந்தபோதும் கடல் கடந்தபோதுமே நம்மிற் பலர் அந்தப் பேச்சைக் கேட்டோம். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் கலவன் பாடசாலைகளிற் படிக்கும் நம் பெண்மக்கள் அதைச் சிறுவயதிலேயே கேட்கிறார்கள். அந்தப் பேச்சை ஒரு கல்லூரி எவ்வாறு மாற்றிக் காட்டியது என்பதே நாம் சொல்லவந்த வரலாறு.

கணினித்துறை தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டளவில் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 37 சதவீதத்தினர் பெண்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் அது 18 சதவீதம். அதே காலத்தில் மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் தொகை ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்த கணினிதான் இந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கிய காரணம் என்பர். எண்பதுகளில் விற்பனைக்கு வந்த சிறு கணினிகள் பையன்களுக்கான பொருளாக விளம்பரமாயின. மகனுடைய அறையிலேயே இடம்பிடித்தன. அவன் பல்கலைக்கழகத்துக்கு வரும்போது பாதி கற்றவனாக வந்தான். முதல் நாளே பக்கத்தில் இருந்த பெண் தான் பிந்திவிட்டதாக எண்ணிக்கொண்டாள். விரிவுரையாளரும் அவனுடைய வேகத்துக்கே பாடம் நடத்தினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், அலன் பிஷர் என்ற இருவரும் மாணவர்களை ஆண்டுக்கணக்காகச் செவ்விகண்டு இதை ஆராய்ந்தனர். அங்கே 1995இல் கணினி விஞ்ஞானத்துக்கு அனுமதி பெற்றவர்களில் 7 சதவீதமாக இருந்த பெண்கள், 2000இல் 42 சதவீதமாயினர். ஆகவே இது விதியல்ல, மாற்றக்கூடியதே என்பது கிளாவே ஹார்வி மட் கல்லூரிக்குப் போவதற்கு முன்னரே தெரிந்திருந்தது.

மரியா கிளாவே 1951இல் ரொறன்ரோவிற் பிறந்தவர். சிறுவயதிற் சில ஆண்டுகள் ஸ்கொட்லாந்தில் வளர்ந்தார். அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1977இல் கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். நல்ல பெண் கணிதவியலாளர் என்று எவருமில்லையே, உனக்கு ஏன் இது என்று மாணவப் பருவத்தில் ஒரு பேராசிரியர் கேட்டதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கணிதத்திலிருந்து கணினி விஞ்ஞானத்துக்கு மாற விரும்பி இரண்டாவது கலாநிதிப் பட்டத்துக்கும் படிக்கத் தொடங்கினார். அதை முடிக்குமுன்னரே விரிவுரையாளர் பதவி தேடிவந்தது. பின்னர் கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் எட்டாண்டுகள் பணிபுரிந்தார். ஒருவகை எண் அட்டவணையில் ஒவ்வொரு நிரையிலுமுள்ள மிகச்சிறிய எண்ணை, எல்லாப் பெட்டிகளையும் பார்க்காமலே கண்டுபிடிக்கும் 'ஸ்மோக்' என்ற வழிமுறையை 1987இல் வெளியிட்ட ஐவரில் அவரும் ஒருவர். ஐவரது பெயர்களின் முதலெழுத்துக்களே அந்தப் பெயராயின. கடைசி எழுத்து கிளாவேயுடையது. இதை நாம் வலிந்து குறிப்பிடக் காரணம், பெண்களுக்காகப் பேசுபவர்கள் துறையிற் சாதிக்காதவர்கள் என்று இளக்காரமாகச் சொல்வோர் எங்கும் இருப்பதுதான்.

1988இல் வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் கணினித்துறைத் தலைவரானார். பின்னர் அங்கேயே விஞ்ஞான பீடாதிபதியானார். பெண்பிள்ளைகள் கணினி விளையாட்டை எப்படி விளையாடுகிறார்கள், அதன்மூலம் கணிதம் கற்பிக்க முடியுமா என்று அங்கே ஓர் ஆய்வுக்குழுவை நடத்தினார். வேறு துறையிற் பட்டம் பெற்றவர்கள் கணினித்துறைக்கு வர ஒரு தனிப்பாதையையும் அமைத்தார். பின்னர் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பொறியியற் பீடாதிபதியாக இருந்தார். 2006இல் கலிபோர்னியாவின் கிளெயர்மொன்ரிலுள்ள ஹார்வி மட் கல்லூரியின் தலைவர் பதவியை ஏற்றார். 1955இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு அவரே முதற் பெண் தலைவர்.

மாணவர் தொகை எண்ணூறு அளவில் இருந்த சிறிய கல்லூரி அது. அங்கே கணினி விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களில் அப்போது பத்துக்கு ஒருத்தியே பெண். ஆனால் ஒரு வசதி இருந்தது: எந்தத் துறை மாணவராயினும் முதலாண்டிற் கணினி அறிமுகப் பாடத்தைக் கட்டாயம் படிக்கவேண்டும். பெண்கள் எல்லாரும் வாசல்வரை வந்தார்கள். உள்ளே போகத்தான் விரும்பவில்லை. துறையின் ஆசிரியர்கள் அந்த ஒரு பாடத்தையே பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார்கள். ஜாவா மொழியை விட்டுப் பைத்தனை எடுத்தார்கள். இலக்கணப்பிழை தேடுவதிலேயே காலம் போகாமல், முதல் வாரங்களிலேயே ஏதாவதொரு பிரச்சினையைத் தீர்க்க முடிந்தது. முன்னனுபவம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் இரு வகுப்பாகப் பிரித்தார்கள். கெட்டிக்காரர், மக்கு என்ற பிரிப்பு அல்ல அது. இரு வகுப்பும் பாட முடிவில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

நமக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. எந்த வகுப்பிலும் எல்லாக் கேள்விக்கும் தானே விடை சொல்லி, மற்றவர் வாயை அடைத்துவிடும் ஒருவர் இருப்பார். அவரை ஆசிரியர் தனியே அழைப்பார். உம்முடன் பேசுவது எனக்கு மிக விருப்பம், ஆனால் மற்றவர்கள் மிரளுகிறார்கள், இந்த உரையாடலை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்வோம் என்று பக்குவமாகச் சொல்வார். ஏச்சில்லை, தண்டனையில்லை. ஆசிரியத் தொழில் பார்த்த நம் பழைய மாணவிகளுக்கு இதன் அருமை விளங்கும்.

இதனுடன், முதலாண்டு மாணவிகளைக் கல்லூரிச் செலவிலேயே கிரேஸ் ஹொப்பர் பெயரால் நடக்கும் பெண் கணினியாளர் மாநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். 1994இல் ஆனிட்டா போர்க், ரெல் விற்னி இருவரும் தொடக்கிய மாநாடு அது. முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையிலேயே ஆய்வு செய்யவும் வாய்ப்பளித்தார்கள். சில ஆண்டுகளிற் பெண்களின் பங்கு பத்திலிருந்து நாற்பது சதவீதத்தை எட்டியது. 2016இற் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களிற் பாதிக்கு மேல் பெண்கள். புகழ் முழுவதையும் தலைவருக்கே சூட்டுவது முறையாகாது. பாடத்தை மாற்றியவர்கள் துறை ஆசிரியர்கள். அவர்களுக்குத் துணைநின்றதும், போன இடமெல்லாம் இதைச் சொல்லி 2014இற் பதினைந்து பல்கலைக்கழகத் துறைகளை இவ்வழிக்குச் சேர்த்ததும் கிளாவேயின் பங்கு.

அதே 2014 ஒக்ரோபரில், பீனிக்ஸ் நகரில் நடந்த அந்த மாநாட்டு மேடையில், மைக்ரோசொவ்ற் தலைமை நிர்வாகி சத்யா நாதெல்லாவை அவர் செவ்விகண்டார். அந்த நிறுவனத்தின் பணிப்பாளர் சபையிலும் கிளாவே அப்போது இருந்தார். சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கேட்காமல் அமைப்பை நம்பியிருப்பதே நல்ல கர்மா, உரியது வந்து சேரும் என்ற கருத்தில் விடை வந்தது. சமய பாடத்தில் வினைப்பயன் படித்த நமக்கே இந்த விளக்கம் புதிது! கிளாவே அந்த மேடையிலேயே உடன்படவில்லை என்றார், சபை கைதட்டியது. பிரின்ஸ்ரனிற் சம்பளம் பேசுமுன்னரே பதவியை ஏற்றுக்கொண்டு தாம் இழந்ததையும் சொன்னார். முதலில் உரிய சம்பளம் எவ்வளவென்று விசாரியுங்கள், பிறகு நம்பிக்கையான ஒருவரை முன்னிருத்திக் கேட்டுப் பழகுங்கள் என்பது அவர் கூறிய யோசனை. நாதெல்லா அன்றே தமது விடை தவறென்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

ஹார்வி மட்டிலும் எல்லாம் இனிமையாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. 2017இல் அளவுமீறிய பாடச்சுமை பற்றியும் மனநலத்துக்கான உதவி போதாதென்றும் மாணவர்கள் போராடினர், வகுப்புகள் நிறுத்தப்பட்டன. மாணவிகளைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை; சேர்ந்தவர்களைச் சுகமாக வைத்திருப்பது வேறொரு பாடு.

கூட்டங்களில் இருந்தபடியே நீர்வர்ண ஓவியம் தீட்டும் பழக்கமும் கிளாவேக்கு உண்டு. இத்தனை பதவிகளுக்குப் பிறகும், தாம் இதற்குத் தகுதியற்றவள் என்ற எண்ணம் சில காலைகளில் எழுவதாக அவர் மேடைகளில் ஒளிக்காமற் சொல்வார். 2023இற் பதினேழு ஆண்டுகாலத் தலைமைப் பதவியை விட்டார். அவ்வாண்டே நியூயோர்க்கிற் பாடசாலைக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் 'மாத் போர் அமெரிக்கா' என்ற அமைப்பின் தலைவராகப் போய்ச் சேர்ந்தார்.