உக்கிராணக்காரன் கையில் பூமி

தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பாடம் நடத்துவதற்காக விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்தவள் நான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், கடவுள் மனிதரைப் படைத்துப் பூமியை ஒப்படைக்கும் இடத்தில் 'கீழ்ப்படுத்தி' என்றொரு வினையெச்சம் வரும். பல ஆண்டுகள் அதைக் கவனிக்காமலே கடந்திருக்கிறேன். எனக்கு எபிரேயம் தெரியாது. தெரிந்த தோழி ஒருத்தியோடு உட்கார்ந்து அகராதியைப் புரட்டியபோதுதான் மூலச்சொல் 'கபாஷ்' என்பதும், அது வேறெங்கெல்லாம் வருகிறது என்பதும் தெரிந்தது. எஸ்தர் நூலில், தன் அரண்மனையிலேயே அரசியை ஒருவன் பலவந்தப்படுத்தப் பார்க்கிறானா என்று அரசன் சீறும் இடத்தில் அதே சொல். நெகேமியா நூலில், வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் கடனுக்கு இழந்தவர்கள், பிள்ளைகளை, அதிலும் மகள்களை, அடிமைகளாகக் கொடுக்க நேர்ந்ததைச் சொல்லிக் கதறும் இடத்திலும் அதே சொல். பூமிக்கும் பெண்ணுக்கும் ஒரே வினை.

சூழல் நெருக்கடி பற்றிய கிறித்தவ விவாதத்தின் வரலாற்றை யாரும் இங்கிருந்து தொடங்குவதில்லை. 1967 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் லின் ஒயிட் எழுதிய கட்டுரையிலிருந்தே தொடங்குவார்கள். இடைக்காலத் தொழில்நுட்பத்தின் வரலாற்றாசிரியரான அவர், இயற்கை மனிதனுக்காகவே இருக்கிறது என்ற மேற்கத்தியக் கிறித்தவ எண்ணத்தில் நெருக்கடியின் வேரைக் கண்டார். மாற்றாக அசிசியின் பிரான்சிசை முன்வைத்தார். (பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், போப் இரண்டாம் ஜான் பால் அதே பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார்.) திருச்சபைகளிலிருந்து அதிகம் கேட்ட பதில் இது: மனிதன் பூமியின் எசமானன் அல்ல, கடவுளின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளன். பழைய தமிழ் விவிலியம் அந்தப் பொறுப்பாளனை 'உக்கிராணக்காரன்' என்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. கல்யாண வீட்டு உக்கிராண அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாவி ஏதாவதொரு பெரியப்பாவின் மடியில் இருக்கும். அரிசியை அளந்து கொடுப்பது அவர். புடைத்து, கல் பொறுக்கி, களைந்து, எச்சில் பாத்திரம் கழுவுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எசமானனைப் பொறுப்பாளன் என்று அழைப்பதால் சாவி இடம் மாறுவதில்லை. 'எக்காலஜி', 'எக்கானமி' இரண்டுமே வீட்டைக் குறிக்கும் 'ஒய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. உக்கிராணக்காரனுக்கான கிரேக்கச் சொல்லும் அதன் பிள்ளைதான். வீட்டைப் பற்றி இவ்வளவு பேச்சு. வீட்டில் வேலை செய்கிறவள் மட்டும் பேச்சில் இல்லை.

அவளைப் பேச்சுக்குள் கொண்டுவந்தவர்கள் பெண் இறையியலாளர்கள். பெண்ணை அடக்குவதும் இயற்கையை அடக்குவதும் ஒரே அமைப்பின் இரு கைகள் என்பதை அமெரிக்கக் கத்தோலிக்கரான ரோஸ்மேரி ராட்ஃபோர்ட் ரூதர் 1975இலேயே நூலாக எழுதினார். ஆனால் நான் அதிகம் யோசிப்பது பிரேசிலின் இவோனி ஜெபாராவைப் பற்றி.

ஜெபாரா கன்னியாஸ்திரி. ரெசிஃபே நகரில் பேராயர் ஹெல்டர் கமாராவின் காலத்தில் உருவான இறையியல் நிறுவனத்தில், 1989இல் வத்திக்கான் அதை மூடும்வரை, பதினேழு ஆண்டுகள் கற்பித்தார். குடியிருந்தது நகரத்தை ஒட்டிய கமராஜிபேயின் ஏழைக் குடியிருப்பில். காட்டை அழித்துக் கரும்பு நட்டு, அடிமைகளின் உழைப்பில் செழித்த கரையோரம் அது; நிலம் நெடுங்காலமாகச் சிலர் கையிலேயே இருந்தது. அள்ளப்படாத குப்பை, கிடைக்காத தண்ணீர், நோயாளிக் குழந்தை என எல்லாம் ஒரே பெண்ணின் தலையில் விழுவதை அவர் அன்றாடம் பார்த்தார். அவருடைய சூழலியல் பெண்ணியம் அங்கிருந்து வந்தது. உலகத்துக்கு வெளியே உட்கார்ந்து ஆளும் தந்தையாக அவர் கடவுளைப் பார்க்கவில்லை. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் உறவிலிருந்தே இறையியலைத் தொடங்கினார். பூமியை ஆள ஒரு பொறுப்பாளன் வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே கலைந்துவிடுகிறது.

1993இல் 'வேஜா' வார இதழுக்குக் கொடுத்த பேட்டியில், ஏழைப் பெண்ணுக்குக் கருக்கலைப்பு பாவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றார். 1995இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இரண்டு ஆண்டுகள் பேசக் கூடாது, கற்பிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று உத்தரவிட்டது. ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியை, மறுபடியும் மாணவியாகப் பெல்ஜியத்துக்கு இறையியல் படிக்க அனுப்பப்பட்டார். நானும் வகுப்பறையில் நிற்கிறவள் என்பதாலோ என்னவோ, இந்தத் தண்டனையை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். அவர் அங்கேயும் ஓர் ஆய்வேட்டை முடித்தார். பெண்களின் அனுபவத்தில் தீமை என்றால் என்ன என்பதே அதன் பொருள்.

சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2015இல், போப் பிரான்சிஸின் 'லவ்தாத்தோ சி' சுற்றுமடல் வந்தது. பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்று என்றது, எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்தது என்றது. ஜெபாராவைப் படித்திருந்தவர்களுக்குக் கேட்ட குரல்தான். மக்கள்தொகையைக் குற்றம் சொல்லிப் பணக்காரர்களின் நுகர்வை மறைக்காதீர்கள் என்று 50ஆம் பத்தி சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் 120ஆம் பத்தி அதே பிணைப்பைக் காரணம் காட்டி, இயற்கையின் மீதான அக்கறையும் கருக்கலைப்பை நியாயப்படுத்துவதும் ஒத்துப்போகாது என்கிறது. எந்தப் பெண்ணின் உடலிலிருந்து ஜெபாரா இந்தப் பிணைப்பைக் கற்றாரோ, அவளுக்கு எதிராகவே அது திருப்பப்படுகிறது. அவளுடைய குடிசை, தண்ணீர், குப்பை எல்லாம் இறையியலின் அக்கறைக்குள் வந்துவிட்டன. அவள் உடல் மீதான முடிவு மட்டும் இன்னும் உக்கிராணக்காரனின் மடியில் இருக்கிறது.

சுற்றுமடலுக்கு 172 அடிக்குறிப்புகள். போப்புகள், பல நாட்டு ஆயர் பேரவைகள், ஒரு சூஃபி ஞானிகூட அவற்றில் உண்டு. இவோனி ஜெபாராவின் பெயர் இல்லை.